குற்றம் எவருடையது?

ஒருவரும் தீங்கு நினையாதிருக்கவும் தீங்கு விளையுமாயின், அதற்குப் பொறுப்பாளி யார்? அறவியலின் இப்பழைய வினா, சந்தைக்கும் தொழிற்சாலைக்கும் இடையே இன்று புதுவடிவங் கொண்டு நிற்கின்றது.

அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில், ஜெனரல் எலெக்ட்ரிக் கொம்பனியின் வீட்டுச் சாதனத் தொழிற்சாலைகள் ஒரு காலம் இரவு பகலாக இயங்கின. சில ஆண்டுகள் கழியத் தொழிலாளருட் பாதிப்பேர் வேலையிழந்தனர். வாணிபத்தின் ஏற்றத்தாழ்வே காரணம் என்று கூறுதல் எளிது. ஆனால், மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஜே பொரெஸ்ரர், கட்டளை, கையிருப்பு, ஆட்தொகை ஆகியவற்றை ஒரு தாளிலே நிரல்களாக வகுத்துக் கணக்கிட்டார். வெளித்தேவை சீராக இருப்பினும், நிறுவனத்தின் தீர்மான முறைகளே ஆட்தொகையை ஏற்றியிறக்கவல்லன என்பது புலனாயிற்று. 1961இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிகோலிற்று.

அக்கழகத்திற் பிறந்த 'பியர் விளையாட்டு' இவ்வுண்மையை மாணவர்க்குக் கண்கூடாக்குகின்றது. சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகத்தர், உற்பத்தியாளர் என நால்வர் ஆடுவர். வாரம் 4 பெட்டியாக இருந்த நுகர்வோர் தேவை, ஒரே முறை 8 ஆக உயர்ந்து அங்கேயே நிற்கும். கட்டளை சென்று சரக்கு வந்துசேர வாரங்கள் கழிவதால், ஒவ்வொருவரும் அஞ்சி மிகுதியாகக் கோருவர். சாட்டையின் பிடி சிறிது அசைய நுனி பெரிதாகச் சுழல்வதுபோல, அவ்வச்சம் உற்பத்தியாளரைச் சேரும்போது பன்மடங்காகின்றது. பின்னர் தேங்கிய சரக்கினால் கட்டளைகள் அற்றுப்போகின்றன.

'அமைப்பே குற்றவாளி; ஆதலின் மனிதர் எவரும் குற்றவாளியல்லர்' என்பார் உளர். இதில் பாதி உண்மையுண்டு. தனிமனிதரின் பேராசையை மட்டும் பழித்தல் போதாது என்பதை நாமும் ஏற்கின்றோம். ஆயினும், அமைப்பு இயற்கையன்று, மனிதர் வகுத்தது. நுகர்வோரின் மெய்யான தேவையை யாவரும் அறியச் செய்தலும், தாமதத்தைக் குறைத்தலும் இவ்வலைவைத் தணிக்கும் என்பது இன்று தெளிந்த செய்தி. அறியாதவரை அறியாமை என்க. அறிந்தபின் மாற்றாதிருத்தல் தேர்ந்தெடுத்த செயலேயாகும்.

இன்னுமொன்று. அவ்விளையாட்டில் தேங்கும் பெட்டிக்கு வாரம் 50 சதம். கொடுக்கத் தவறிய பெட்டிக்கு 1 டொலர். வேலையிழக்கும் தொழிலாளிக்கு நிரலே இல்லை. 2020இல், பெருந்தொற்றின்போது, மேலைநாட்டு ஆடை நிறுவனங்கள் பல பங்களாதேஷத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்த கட்டளைகளை இரத்துச் செய்தன. தைத்து முடித்த ஆடைகளும் அவற்றுள் அடங்கும். இலட்சக்கணக்கான தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், கூலியின்றி வீடு திரும்பினர். நோயை எவரும் வேண்டி அழைத்திலர். நட்டத்தை எவர் தலையில் இறக்குவது என்பதையோ, வலியவர் தீர்மானித்தனர்.

ஆகவே, கணினி காட்டும் மாதிரி எதுவாயினும், நாம் முதலிற் கேட்கவேண்டியது அது சரியாகக் கணக்கிடுகின்றதா என்பது மட்டுமன்று. எவரைக் கணக்கிற் சேர்க்கவில்லை என்பதுமாகும். அந்நிரலை எழுதுவிக்கும் வலிமை, விடுபட்டவர் ஒன்றுகூடும்போதே பிறக்கும்.