அபாயக் கோடு

ரயில் பாலங்களில் வெள்ளத்தின் அபாய அளவைக் காட்ட ஒரு கோடு போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். தண்ணீர் அதைத் தாண்டினால் ரயில் போகாது. அவ்வளவுதான். விவாதம் கிடையாது.

2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2-ம் தேதி, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. விழுப்புரம் - திண்டிவனம் தடத்தில் ரயில்களை நிறுத்திவிட்டார்கள். தெற்கேயிருந்து ராத்திரி முழுக்க வந்தவர்கள் புலம்பாமலா இருந்திருப்பார்கள்? 'இவ்வளவு தூரம் வந்தாச்சு... இன்னும் மூணு மணி நேரத்துல எழும்பூர். ஒரு பாலம்தானே சார், மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாமே!'

நீங்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள் என்பது பாலத்துக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ரயிலுக்கு இருக்கும் கோடு மனிதனுக்கு உண்டா? மலையேறுகிறவர்களுக்கு உண்டு. அவர்களுக்கு அது ஒரு கடிகார நேரம். உச்சிக்கு நூறடிதான் பாக்கி என்றாலும், குறித்த நேரம் வந்துவிட்டால் திரும்பிவிட வேண்டும். ஏனென்றால், அந்த உயரத்தில் வானம் சொல்லிவிட்டு மாறாது.

1996 மே 10. எவரெஸ்ட்டின் வடக்குப் பக்கம் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் ஆறு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். நேரம் கடந்தது. காற்று பலத்தது. மூன்று பேர் திரும்பிவிட்டார்கள். ஸ்மன்லா, பல்ஜோர், மோருப் ஆகிய மூவரும் தொடர்ந்தார்கள். மாலையில், 'உச்சிக்கு வந்துவிட்டோம்' என்று ரேடியோவில் செய்தி வந்தது. பனிப்புயல் சூழ்ந்துவிட்டது. மூவரும் திரும்பவே இல்லை.

அதே நாள், தெற்குப் பக்கம். ராப் ஹால் என்ற நியூஸிலாந்து வழிகாட்டி. டக் ஹேன்சன் என்ற அமெரிக்கத் தபால் ஊழியரை 1995-ல் உச்சிக்குச் சற்றுக் கீழே, 'நேரமாகிவிட்டது' என்று திருப்பி அழைத்து வந்தவர். அடுத்த வருடம் ஹேன்சன் மறுபடி வந்தார். பிற்பகல் 2 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்றுதான் பேச்சு. ஹேன்சன் உச்சியைத் தொட்டபோது 4 மணி தாண்டிவிட்டது. ஹால் காத்திருந்தார். புயல் பிடித்துக்கொண்டது. இருவரும் போனார்கள். அவர்களுக்கு உதவப் போன ஆண்டி ஹாரிஸ் என்ற வழிகாட்டியும் போனார். மலையின் இரண்டு பக்கமும் சேர்த்து அந்தப் புயலில் இறந்தவர்கள் எட்டுப் பேர்.

1995-ல் ஹால் கறார் பேர்வழி. 1996-ல் இரக்கப்பட்டவர். எந்த ஹால் ஹேன்சனுக்கு நல்லது செய்தார்? யோசித்துப் பாருங்கள்.

'இப்படிக் கோடு பார்த்துக்கொண்டே இருந்தால் ஒருத்தனாவது எவரெஸ்ட் ஏறியிருப்பானா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். இன்னொன்றும் கேட்கலாம். நேற்று கூடாரத்தில் டீ குடித்தபடி முடிவெடுத்த நான், இன்று உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும் எனக்கு உத்தரவு போடுவது எப்படிச் சரி? இடத்தில் நிற்பவனுக்குத்தானே நிலவரம் தெரியும்?

பி.காம். படித்தவர்களுக்கு இதற்கு ஒரு பதில் தெரியும். தன் கணக்கைத் தானே ஆடிட் பண்ணக் கூடாது. உச்சிக்குப் பக்கத்தில் நிற்பவன் சம்பந்தப்பட்ட பார்ட்டி. அதுவும் எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். மூளைக்கே மூச்சு முட்டும். அவன் போடும் கணக்கை எப்படி நம்புவது? டீ குடித்தவனுக்கு அந்த நேரத்தில் எந்த ஆசையும் இல்லை. அதனால்தான் அவன் சொல்லுக்கு மதிப்பு.

காஸ்ட் அக்கவுன்டிங்கில் 'ஸங்க் காஸ்ட்' என்று ஒன்று உண்டு. போட்ட பணம் போனது போனதுதான், அடுத்த முடிவில் அதைச் சேர்க்காதே என்பார்கள். பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதிவிடுவோம். வீட்டில்?

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை பெருங்குடிகாரர் என்று தெரிகிறது. 'பத்திரிகை வெச்சாச்சு, மண்டபத்துக்குப் பணம் கட்டியாச்சு... இப்பப் போய் நிறுத்தறதா? ஊர் என்ன சொல்லும்?' என்கிறார் அப்பா. மண்டபத்துக்குப் பணம் கட்டியது அப்பா. முப்பது வருஷம் அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தப் போவது மகள்.

'இவ்வளவு தூரம் வந்தாச்சு' என்று நாம் சொல்லும்போதெல்லாம், மீதி தூரத்துக்கு விலை கொடுக்கப்போவது யார் என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். ஹேன்சனின் உச்சிக்கு ஹாரிஸ் விலை கொடுத்தார்.

துணிச்சல் வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள், ஏறுங்கள். ஆனால், கிளம்புவதற்கு முன்னால், வெயில் அடிக்கும்போதே கோட்டைப் போட்டுவிடுங்கள். போடும்போது, உங்களுக்காகக் கீழே காத்திருக்கப் போகிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போடுவது என்பதில் அவருக்கும் ஒரு பேச்சு இருக்கிறது.