தளர்நடையும் வினையும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆனி ஸ்வாதி, பெரியாழ்வார் திருநக்ஷத்ரம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்நாளில் நம் இல்லத்தில் ஒரு சிறு கோஷ்டி கூடிப் பெரியாழ்வார் திருமொழியின் முதற்பத்தைச் சேவித்தது. தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி என்று கண்ணன் வளர வளரப் பதிகங்களும் உடன் வளர்ந்து வந்தன. ஏழாம் திருமொழியாகிய தளர்நடைப் பதிகம் தொடங்கியதும் நம் மருமகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மடியிலிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே சென்றுவிட்டாள். நம் பேரனுக்கு அப்போது இரண்டரை வயது. அவன் நடக்கவில்லை, பிடியின்றி நிற்கவும் இல்லை.

எட்டாம் மாதத்திலேயே பிறந்த குழந்தை அவன். பிறப்பை ஒட்டி மூளையில் ஏற்பட்ட பாதிப்பினால் கால் தசைகள் இறுகி நிற்கின்றன. மருத்துவர்கள் இதைப் பெருமூளை வாதம், அதாவது செரிப்ரல் பால்ஸி என்கின்றனர். மூளையின் பாதிப்பு மேலும் வளர்வதில்லை. முற்றும் நீங்குவதும் இல்லை. நாள்தோறும் தசைகளை நீட்டிப் பழக்காவிடில் இறுக்கம் மிகுந்து மூட்டுகள் மடங்கியபடியே நின்றுவிடக்கூடும். பேச்சுக்கும் அறிவுக்கும் அவனிடம் குறைவில்லை, கேள்விகளுக்கோ அளவில்லை.

அன்று ததீயாராதனம் நடக்கையில் உறவினர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், "எல்லாம் பூர்வ ஜன்ம வினை, அநுபவித்துத்தானே கழிக்க வேண்டும்" என்றார். நாம் மறுமொழி ஏதும் கூறவில்லை. இரவு பாத்திரங்களை ஒழித்து வைத்த பிறகு மருமகள் வந்து, "அப்பா, நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்று உடனே சொல்ல நமக்கு நா எழவில்லை. காரணம் உண்டு. அதற்கு முன்பே, அவளுக்குத் தெரியாமல், குழந்தையின் ஜாதகத்தை இரண்டு ஜோஸ்யர்களிடம் கொண்டுபோய்க் காட்டியிருந்தோம். அன்று தராத விடையை இரண்டு ஆண்டுகளாகத் தேடி இங்கே எழுதுகிறோம்.

கர்மம் என்ற கொள்கையை நம் ஸித்தாந்தம் மறுக்கவில்லை, நாமும் மறுக்கவில்லை. ஆயினும் அது எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்பதை நோக்க வேண்டும். ப்ரஹ்ம ஸூத்ரத்தின் இரண்டாம் அத்யாயத்தில் ஓர் ஐயம் எழுகிறது. ஒருவன் இன்பத்திலும் மற்றொருவன் துன்பத்திலும் பிறக்கக் காண்கிறோமே, அப்படியாயின் படைத்தவனுக்குப் பாரபட்சமும் இரக்கமின்மையும் உண்டென்று ஆகாதோ என்பது அந்த ஐயம். ஆகாது, அந்த வேறுபாடு ஜீவர்களின் கர்மத்தை ஒட்டியது என்று பாஷ்யகாரர் நிலைநாட்டுகிறார். எம்பெருமானின் காருண்யத்துக்கு மாசு வாராமல் காப்பதே அங்கே நோக்கம். அவன் இரக்கமுள்ளவன் என்று காட்ட எழுந்த வாதத்தை எடுத்து, நாம் இரக்கமற்றவர்களாவதற்குக் கருவியாக்கிக்கொண்டால், அது வாதத்தின் குற்றமன்று, கையாள்பவரின் குற்றம்.

இனி, அந்தச் சொல்லைப் பெரியோர் எங்ஙனம் கையாண்டனர் என்று பார்ப்போம். யுத்த காண்டத்தில் ராவணன் வீழ்ந்த செய்தியைச் சொல்ல வந்த திருவடி, பிராட்டியைத் துன்புறுத்திய அரக்கியரைக் கொல்ல அநுமதி வேண்டுகிறான். பிராட்டி தடுக்கிறாள். அவர்கள் அரசன் ஆணைக்கு அடங்கிய பணிப்பெண்கள், எனக்கு நேர்ந்தது என் முன்வினையின் பயன் என்கிறாள். குற்றம் செய்தவர்களைக் காப்பதற்காக வினையைத் தன்மேல் ஏற்றிக்கொண்டாள். நாமோ குற்றமே அறியாத குழந்தையின்மேல் அதை ஏற்றிவிட்டு உணவருந்தப் போகிறோம்.

கூரத்தாழ்வான் சரிதமும் இதையே உணர்த்துகிறது. சோழன் அவையில் கண்களை இழந்த ஆழ்வானை, மேல்நாட்டிலிருந்து மீண்ட எம்பெருமானார் திருவரங்கத்தில் கண்டு நெஞ்சுருகிப் போனார். அப்போது ஆழ்வான், ஒரு ஸ்ரீவைஷ்ணவரின் திருமண்காப்பு கோணலாக இருக்கிறதென்று எப்போதேனும் நினைத்திருப்பேனோ என்று தம்மையே குறைசொல்லிக்கொண்டார். எம்பெருமானாரோ, உமக்கும் பாபம் உண்டோ, இது என் பாபமன்றோ என்று அதைத் தம்மேல் ஏற்றிக்கொண்டார் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒருவர் வினையை மற்றவர் சுட்டவில்லை. இருவரும் தத்தமக்கே உரிமை கொண்டாடினர். அதோடும் நிற்கவில்லை. கர்ம தத்துவத்தைப் பாஷ்யத்தில் நிலைநாட்டிய அந்த ஆசாரியரே, அநுபவித்துக் கழியட்டும் என்று விட்டுவிடாமல், பேரருளாளனிடம் கண்ணை வேண்டும்படி ஆழ்வானை நியமித்தார். வரதராஜ ஸ்தவம் நமக்குக் கிடைத்தது அதனால்தான்.

இவற்றிலிருந்து நமக்குத் தெளிந்தது ஒன்று. வினை என்பது தன்மை இடத்தில் மட்டுமே சொல்லத்தக்க சொல். நான் செய்த வினை என்றால் அது பணிவு. அவன் செய்த வினை என்றால் அது தீர்ப்பு. தீர்ப்பளிக்கும் பீடம் நம்முடையது அன்று.

நாம் முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பணிபுரிந்தோம். சேர்ந்த அன்றே, வாடிக்கையாளர் கணக்கைப் பிறருக்கு வெளியிடோம் என்ற உறுதிமொழியில் கையொப்பமிட்டோம். பேரேடு கையில் இருக்கும்போதே அந்தக் கட்டுப்பாடு. ஜீவனின் பேரேட்டையோ நாம் கண்டதும் இல்லை. மேலும், ஒற்றைப் பதிவை வைத்துக் கணக்கின் நிலையைச் சொல்ல இயலாது என்பது வணிகவியலின் முதற்பாடம். நஷ்டம் வந்தாலும் பற்று எழுதுவோம். சொத்து வாங்கினாலும் அதன் கணக்கில் பற்றுத்தான் எழுதுவோம். ஒரு வரியை மட்டும் காண்பவனுக்கு வேறுபாடு விளங்காது. ஒரு பிறவியின் சில ஆண்டுகளை மட்டும் காணும் நமக்கு, ஒரு குழந்தையின் கால்களைப் பார்த்து அவன் கணக்கைப் படிக்கும் துணிவு எங்கிருந்து வந்ததோ!

இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. "இவன் தெய்வக் குழந்தை, நம்மாழ்வாரும் அசையாமல்தானே இருந்தார்" என்று சிலர் தேற்றுவர். திருக்குருகூரில் காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் பிறந்த குழந்தை அழவில்லை, பாலுண்ணவில்லை. புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் வாய்திறவாமல் இருந்தது. இது நாம் அனைவரும் அறிந்த வரலாறு. ஆனால் நம் பேரன் ஆழ்வார் அல்லன். அவன் பாலுக்கு அழுபவன், பொம்மைக்குச் சண்டையிடுபவன். வினை என்பதும் தெய்வம் என்பதும் இரண்டுமே அவனை நம் மடியிலிருந்து இறக்கித் தொலைவில் வைத்துவிடுகின்றன. அந்த வரலாற்றில் நாம் பின்பற்றக் கூடியவர்கள் பெற்றோர்களே. நாளை இக்குழந்தை வேதம் தமிழ் செய்யப்போகிறது என்று அவர்கள் அறிந்திருக்கவில்லை, அறியாமலேயே பேணினர். திருமழிசைப்பிரான் வரலாறும் அப்படியே. கைகால் இல்லாப் பிண்டமாகப் பிறந்ததென்று மூங்கில் புதரடியில் விடப்பட்டு, பின்பு எம்பெருமான் அருளால் உருப்பெற்று அழுத குழந்தையைப் பிரம்பறுப்பவரான திருவாளன் எடுத்துச் சென்று பங்கயச்செல்வியிடம் கொடுத்தார். இக்குழந்தை ஏன் இங்கே கிடக்கிறது என்று அவர் ஆராய்ந்ததாக எவரும் சொல்லவில்லை. எடுத்தார், அவ்வளவே.

எடுப்பது என்பது நம் இல்லத்தில் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. மகனும் மருமகளும் அலுவலகத்துக்கு ஆயத்தமாகும் நேரத்தில் குழந்தையின் கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி நம் பொறுப்பு. ஒவ்வொரு நீட்டலையும் முப்பது எண்ணும் வரை பிடிக்கச் சொல்லி ஃபிசியோதெரபி நிபுணர் கற்பித்தார். எண்ணினால் குழந்தை சலிப்பான். ஆகவே எண்ணிக்கைக்குப் பதில் ஒரு பாசுரம். நிதானமாகச் சேவித்தால் ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது. கணுக்காலுக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று. பிறகு காலில் ஸ்ப்ளின்ட் கட்டி, மரச்சட்டத்தில் அரைமணி நேரம் நிற்க வைக்கிறோம். வலித்தால் அழுவான். அப்போது எந்தத் தத்துவமும் துணைக்கு வருவதில்லை. கையைத் தளர்த்தி, மீண்டும் மெல்ல நீட்டுவதொன்றே வழி.

இப்படிச் சேவிக்கையில்தான் தளர்நடைப் பதிகத்தை வேறுவிதமாகக் காணத் தொடங்கினோம். யசோதையின் பாவனையில் நின்ற ஆழ்வார் கண்ணனிடம் ஓட்டத்தை வேண்டவில்லை. உறுதியான நடையையும் வேண்டவில்லை. தளர்ந்து, தடுமாறி இடும் அடியையே வேண்டி அநுபவிக்கிறார். ஆயினும் இவ்வளவில் மருமகளின் துயர் தீராது. கண்ணனின் தளர்நடை நாளை ஓட்டமாகும். நம் பேரனின் நடை எதுவாகும் என்று மருத்துவரும் உறுதி சொல்வதில்லை. அவள் புத்தகத்தை மூடியதில் தவறே இல்லை.

அதைவிடப் பெரிய ஆறுதல் பதிகங்களின் அமைப்பிலேயே உள்ளது. செங்கீரைக்கு ஒரு பதிகம், அதற்கென ஒரு பலச்ருதி. சப்பாணிக்கு ஒரு பதிகம், அதற்கும் தனியே ஒரு பலச்ருதி. எந்தப் பருவமும் அடுத்த பருவத்துக்குப் படிக்கட்டாக மட்டும் பாடப்படவில்லை. உட்கார்ந்து கைகொட்டும் குழந்தையிடமே ஆழ்வார் ஒரு பதிகம் முழுதும் தங்கிவிடுகிறார். எப்போது நடப்பாய் என்று அங்கே கேட்பதில்லை. நாமோ நம் குழந்தை கைகொட்டும்போதும் அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே மருமகளுக்கு நம் விடை இது. அம்மா, நாம் அப்படி நினைத்தோம், நினைத்தது தவறு. வினை என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமாயின், உன் கண்ணீருக்கு முன் வாய்மூடி இருந்ததே நம் வினை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுக்கும் 21 வகைகளுள் பெருமூளை வாதமும் ஒன்று. அச்சட்டம் முன்வினையை விசாரிப்பதில்லை. இவருக்குரிய உரிமை யாது என்றே பேசுகிறது. பாகவதர்களாகிய நாம் அதற்குக் குறைந்து நிற்கலாமா? இத்தகைய குழந்தையுள்ள இல்லத்துக்குச் செல்வோர் காரணம் ஆராய வேண்டா. குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்து, அவனோடு இரண்டு வார்த்தை பேசினால் போதும். ஸந்நிதிப் படிகளில் ஒரு தாய் வளர்ந்த குழந்தையைச் சுமந்து ஏறக் கண்டால், தூக்கட்டுமா என்று கேட்டு ஒரு கை கொடுத்தால் அதுவே கைங்கர்யம்.

இவ்வாண்டு ஆனி ஸ்வாதியன்று மீண்டும் கோஷ்டி கூடியது. நான்கரை வயதுப் பேரன் மரச்சட்டத்தில் நின்றபடி சப்பாணிப் பதிகத்துக்குக் கைகொட்டினான். தளர்நடை தொடங்கியபோது நாம் மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. இடையில் ஓரிடத்தில் அவள் குரல் தடைப்பட்டது, மற்றவர்கள் காத்திருந்தார்கள். பிறகு அவளே எடுத்துக்கொடுக்க, பதிகம் சாற்றுமுறை வரை சென்றது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.