நகல் இருக்கு, படிக்க ஆள்?

பத்தமடைப் பாயைப் பார்த்திருப்பீர்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, மெல்லிசாகக் கீறி, நூல் பாவில் நெய்வது. அதில் ஒன்றை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டால் கலையைக் காப்பாற்றியாச்சா?

மெயின்ஃப்ரேம்காரர்களைக் கேளுங்கள். 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்தது. அந்த ரக மெஷினில் ஆங்கில 'ஏ'வுக்கு எண் 193. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் 65. அந்த டிஸ்க்கை நகலெடுத்து இதில் அப்படியே ஏற்றினால் ஒரு பிட்கூடக் குறையாது. ஆனால் படிக்க முடியாது! அதனால்தான் அந்தத் தொழிலில் பாலபாடம்: திரும்ப ஏற்றிப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லை.

காக்க வேண்டியது பொருளையா, அதைப் படிக்கத் தெரிந்தவரையா? பாயைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்பீர்கள். எத்தனை நாள் ஊறணும், எவ்வளவு மெல்லிசாகக் கீறணும் என்பதெல்லாம் பாயில் எழுதியிருக்காது. நெய்கிற பெண்களின் கையில் இருக்கிறது. கூலி கட்டுப்படியாகாமல் அவர்களுடைய மகள்கள் தறிப்பக்கமே வராமல் போனால், பெட்டிக்குள் இருப்பது படிக்க ஆளில்லாத டிஸ்க்தான். 'பத்திரமாக வைத்திருக்கிறோம்' என்ற நிம்மதியில் அவர்களை மறந்துவிடுகிறோமே, தப்பு அதுதான்.

அடுத்த தடவை பத்தமடையில் பேரம் பேசுமுன் யோசியுங்கள். நீங்கள் கொடுக்கும் காசு பாய்க்கு மட்டுமில்லை, அந்தக் கைகளுக்கும் சேர்த்துத்தான்.