கண்டது மெய்; கொண்டது பொய்

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். தோட்டத்து லயத்திலும் நகரத்துக் கடைத்தெருவிலும் அது நாள்தோறும் வழங்கி வருகின்றது. ஆயினும், எந்தச் சமயத்தில் அதனை நாம் எடுத்தாளுகின்றோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம்மீது பழி வந்தபொழுது அதனை உரக்கச் சொல்லுகின்றோம்; பிறன்மீது பழி வந்தபொழுது அது நம் நினைவிற்கு வருவதில்லை.

அப்பழமொழியில் வேறொரு குறையும் உண்டென்று நமக்குத் தோன்றுகின்றது. கண் கண்ட அனைத்தையும் பொய்யென்று தள்ளிவிட்டால் உலகில் வழக்கேது, சாட்சியேது? கண் கண்டது பெரும்பாலும் மெய்யாகவே இருக்கின்றது. அக்காட்சியிலிருந்து மனம் கொள்ளும் முடிவே பொய்யாகிவிடுகின்றது. கண்டதற்கும் கொண்டதற்கும் உள்ள இடைவெளி ஒரு மயிரிழை அகலந்தான். அம்மயிரிழையில் ஒரு மனிதனின் உயிர் தொங்கக்கூடும்.

இவ்வெண்ணத்தை நம்முள் எழுப்பியது ஒரு பழைய துப்பறியும் படம். 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி தர்ட் ப்ளோர்' என்பது அதன் பெயர். 'மூன்றாம் மாடியில் ஓர் அந்நியன்' எனலாம். 1940-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்.கே.ஓ. நிறுவனத்தார், போரிஸ் இங்க்ஸ்டர் என்பவரின் இயக்கத்தில், குறைந்த செலவில் எடுத்த சிறு படம் அது. அறுபத்து நான்கு நிமிடங்களில் முடிந்துவிடுகின்றது. பெரிய அரங்குகள் இல்லை. ஒரு விடுதி, ஒரு நீதிமன்றம், ஒரு தெரு, அவ்வளவே. பணம் இல்லாத குறையை நிக்கலஸ் முசுராக்கா என்னும் ஒளிப்பதிவாளர் நிழலைக் கொண்டு நிரப்பிவிட்டார். படிக்கட்டின் கம்பி நிழல்கூடச் சிறைக் கம்பிபோல் சுவரில் விழுகின்றது.

கதை இது. வார்ட் என்னும் இளைஞன் பத்திரிகை நிருபன். ஒரு சிற்றுண்டிக் கடைக்காரன் கழுத்தறுபட்டுக் கிடக்கின்றான். பிணத்தருகே பிரிக்ஸ் என்னும் வாலிபன் நின்றதையும், பின்னர் ஓடியதையும் வார்ட் கண்டான். அதனையே நீதிமன்றத்தில் சொன்னான். கொலை செய்ததைக் கண்டதாக அவன் சொல்லவில்லை. ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஒரு சொல்லும் குறைக்கவில்லை. தான் வந்தபோதே கடைக்காரன் இறந்து கிடந்தானென்றும், அச்சத்தால் ஓடினேனென்றும் பிரிக்ஸ் கதறுகின்றான். ஜூரர்களில் ஒருவர் உறங்கிக்கொண்டிருக்கின்றார். மரண தண்டனை கிடைக்கின்றது.

உண்மை சொன்ன வார்ட்டுக்கு என்ன கிடைத்தது? பத்திரிகையில் பெயர் வந்தது, சம்பளம் உயர்ந்தது, தள்ளிப்போய்க் கொண்டிருந்த திருமணத்தை இனி நடத்தலாம் என்னும் நிலை வந்தது. ஆனால் அவன் மணக்கவிருந்த ஜேன் என்னும் மங்கைக்கு அம்மகிழ்ச்சி இல்லை. பிரிக்ஸின் கதறல் அவள் காதைவிட்டு அகலவில்லை. பிறன் ஒருவனின் உயிர் போகும் வழியில் தன் இல்வாழ்க்கைக்கு வழி பிறப்பதை அவள் மனம் ஏற்க மறுக்கின்றது. வார்ட் செய்த குற்றம் யாதென்று கேட்டால் அவளால் சொல்ல இயலாது. நம்மாலும் எளிதில் சொல்ல இயலாது. உண்மையையே சொன்ன ஒருவன் அநீதிக்குப் பொறுப்பாளி ஆவானா? இதுவே அப்படம் நம்முன் வைக்கும் வினா.

விடையை அப்படம் தர்க்கத்தால் சொல்லாமல், வார்ட்டையே பிரிக்ஸின் இடத்தில் நிறுத்திச் சொல்லுகின்றது. அவன் விடுதியில் எதிர் அறையில் மெங் என்னும் கிழவன் குடியிருக்கின்றான். பிறர் காரியத்தில் மூக்கை நுழைப்பவன். வார்ட்டை ஓயாமல் தொல்லைப்படுத்தியவன். அவனைக் கொல்லவேண்டுமென்று வார்ட் ஒரு நாள் நண்பனிடம் வாய்விட்டுச் சொன்னதும் உண்டு. ஓரிரவு அவ்வறையிலிருந்து ஓர் அந்நியன் நழுவி ஓடுகின்றான். குறட்டைச் சத்தம் கேட்கவேண்டிய அறையில் அமைதி நிலவுகின்றது. வார்ட் நடுங்குகின்றான். கிழவன் கொலையுண்டிருந்தால் உலகம் யாரைப் பிடிக்கும்? கனவில் நீதிமன்றம் எழுகின்றது; இப்பொழுது கூண்டில் நிற்பவன் அவனே; கதறுகின்றவனும் அவனே; கேட்பாரில்லை. விழித்துச் சென்று பார்த்தால், கிழவன் மெய்யாகவே கழுத்தறுபட்டுக் கிடக்கின்றான். வார்ட் உடனே செய்ய முற்பட்ட காரியம் என்ன தெரியுமா? பெட்டியைக் கட்டி ஓட முற்பட்டான்! எந்த ஓட்டத்தைக் குற்றத்தின் அடையாளமாக நீதிமன்றம் கொண்டதோ, அதே ஓட்டம் குற்றமற்ற அவன் காலிலும் வந்து நின்றது.

இவ்விடமே படத்தின் உயிர். அஞ்சியவன் ஓடுகின்றான் என்பது மெய். குற்றவாளி அஞ்சுகின்றான் என்பதும் மெய். ஆகவே ஓடியவன் குற்றவாளி என்பது மட்டும் பொய். இரண்டு மெய்களைக் கூட்டினால் ஒரு பொய் பிறக்கும் என்னும் இவ்விந்தைக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் நமக்கு யாரும் கற்பிக்கவில்லை.

கண்ணே தவறுவதும் உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. இங்கிலாந்தில் அடால்ப் பெக் என்பவரை, தம்மை ஏமாற்றியவர் இவரே என்று பெண்கள் பலர் அடையாளம் காட்டினர். 1896-இல் அவர் தண்டிக்கப்பட்டார். விடுதலையாகி வந்தபின் 1904-இல் மீண்டும் அவ்வாறே குற்றவாளியாக்கப்பட்டார். உண்மைக் குற்றவாளி பின்னர் அகப்பட்டபொழுதுதான் உலகம் விழித்தது. அவ்வழக்கு எழுப்பிய கிளர்ச்சியும் சேர்ந்தே 1907-இல் அங்கே குற்ற வழக்கு மேல்முறையீட்டு மன்றம் தோன்றக் காரணமாயிற்று. அப்பெண்கள் பொய்யர் அல்லர். தாங்கள் உறுதியாக இருந்ததையே உண்மைக்குச் சான்றாகக் கொண்டனர். உறுதி என்பது நம் மனத்தின் நிலை. அது எதிரே நிற்பவனின் குற்றமாகிவிடாது.

இவற்றையெல்லாம் அயல்நாட்டுக் கதைகளென்று எவரும் ஒதுக்கவேண்டா. சிலப்பதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கோவலன் கையில் சிலம்பு இருந்தது மெய். அதனை அவன் விற்க வந்ததும் மெய். அது கோப்பெருந்தேவியின் சிலம்பு என்பது மட்டும் பொய். அப்பொய்யைச் சொன்னவனோ அச்சிலம்பைக் களவாடிய பொற்கொல்லன். உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு கணம். அந்த ஒரு கணத்தைக் கோவலன் உயிரோடு இருந்தபொழுது பாண்டியன் செலவிடவில்லை. அவன் இறந்தபின் கண்ணகி வந்து செலவிட்டாள். அநீதிகள் பலவும் விசாரிக்க இயலாமையால் நேர்வன அல்ல. விசாரிக்கத் தேவையில்லை என்னும் எண்ணத்தால் நேர்வன.

இனி நம் கதையைச் சொல்லுவோம். பிறரைக் குறை கூற வந்தவர்கள் தம் குறையை மறைத்தல் தகாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் கிராணியாக இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில், ஸ்டோரில் பத்து உரமூட்டைகள் குறைந்தன. யாரையேனும் அந்தப் பக்கம் கண்டீரா என்று நிர்வாகி கேட்டார். முதல் நாள் அந்தியில், குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் ஸ்டோரின் பின்புறம் மோட்டார் சைக்கிளுடன் நின்றதை நாம் கண்டிருந்தோம். கண்டதைச் சொன்னோம். அவரை அழைத்துக் கேட்டபொழுது தடுமாறினார். முதலில் ஒன்று சொன்னார், பின்னர் வேறொன்று சொன்னார். அத்தடுமாற்றமே போதுமென்று நாங்கள் இருவரும் முடிவு கட்டினோம். அவர் வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. பிள்ளைகளோடு தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அவர் போன காலையில், நாம் பெரட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தோம். விழிப்புள்ள கிராணி என்று நிர்வாகி நம்மைப் பாராட்டியதையும் மறைக்காமல் எழுதிவிடுகின்றோம்.

மாத முடிவில் கணக்குப் பார்த்தபொழுது செய்தி வெளிப்பட்டது. அந்தப் பத்து மூட்டைகள் களவு போகவில்லை. தோட்டத்திற்கு வந்து சேரவே இல்லை. பாக்கி பின்னர் வருமென்று லாரிக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு, நம் மேசைமீதிருந்த கோப்பிலேயே கிடந்தது. உடைத்துப் பார்க்கவேண்டிய சிலம்பு நம் கையிலேயே இருந்தது! நடந்தது நடந்துவிட்டது, விட்டுவிடுங்கள் என்றார் நிர்வாகி. நம்மால் விட இயலவில்லை. விசாரித்துக்கொண்டு பட்டணத்தில் அவர் இருந்த இடத்திற்குச் சென்றோம். அவர் நம்மைத் திட்டவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தார். தோட்டத்தில் கைப்பேசி எடுக்கும் இடம் ஸ்டோரின் பின்புறம் ஒன்றுதான். வேறு தோட்டத்தில் வேலை கேட்டுப் பேச அங்கே நின்றாராம். அதை நிர்வாகியிடம் சொன்னால் இருக்கும் வேலையும் போய்விடுமே என்று தடுமாறினாராம்.

"ஐயா, நான் அங்கே நின்றதைப் பார்த்தீர்கள், சொன்னீர்கள், அது சரிதான். ஏனப்பா நின்றாய் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார்.

அக்கேள்விக்கு இன்றும் நம்மிடம் விடையில்லை.

படத்தில் எல்லாம் இனிது முடிகின்றது. வார்ட் கைதான பின், கையில் ஆதாரம் ஏதுமற்ற ஜேன் தெருத்தெருவாக நடந்து அந்நியனைத் தேடுகின்றாள். பீட்டர் லோரே என்னும் நடிகர் சில நிமிடங்களே தோன்றியும் அவ்வந்நியனை மறக்க வொண்ணாதபடி செய்துவிடுகின்றார். அவன் லாரியில் அடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு இறக்கின்றான். விடுதலையான பிரிக்ஸ் தன் வாடகைக் காரில் அவ்விருவரையும் காசு வாங்காமல் ஏற்றிச் செல்ல முன்வருகின்றான். இம்முடிவு நமக்கு மனநிறைவு தரவில்லை. கொலைகாரனை மனநோய் விடுதியிலிருந்து தப்பியவனாகக் காட்டிப் பழியை ஒரு நோயாளிமீது ஏற்றிவிட்டனர். உறங்கிய ஜூரரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாழ்க்கையில் லாரி வந்து நீதி வழங்குவதும் இல்லை. பிரிக்ஸ்கள் எல்லோரும் திரும்பி வருவதும் இல்லை.

இவ்வளவு ஐயப்பட்டால் குற்றவாளி ஒருவனும் அகப்படமாட்டானே என்று சிலர் கேட்கலாம். ஐயம் கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஜேனும் ஐயத்தைக் கொண்டுதான் புறப்பட்டாள். ஆனால் அந்த ஐயம் அவளைத் தேட வைத்தது. நம் ஐயம் நம்மை உட்கார வைத்துவிட்டது. ஐயம் விசாரணைக்கு வாயிலாக இருக்கும்வரை நன்று. அதுவே தீர்ப்பாகிவிட்டால் தீது. உண்மை சொன்னவனுக்குப் பொறுப்பு உண்டா என்னும் வினாவிற்கும் இதிலேயே விடை கிடைக்கின்றது. கண்டதைச் சொல்லுவதோடு சாட்சியின் கடமை முடிவதில்லை. காணாதது இன்னதென்பதையும் அவன் சொல்லவேண்டும். தன் சொல்லைப் பிறர் எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்பதையும் பார்க்கவேண்டும். தவறென்று தெரிந்த அன்று, பழியை எவ்வளவு உரக்கச் சொன்னானோ அவ்வளவு உரக்க அதனைத் திரும்பப் பெறவேண்டும்.

ஜூரி முறையைச் சிங்கப்பூர் 1969-இல் சட்டமியற்றி ஒழித்தது. மலேசியாவில் அது 1995-இல் ஒழிந்தது. ஆனால் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் தோட்ட அலுவலகங்களிலும் நாம் ஒவ்வொருவரும் இன்றும் ஜூரர்களாகவே அமர்ந்திருக்கின்றோம். அவன் திருடன், அவள் நடத்தை சரியில்லை, அந்தப் பையன் உருப்படமாட்டான் என்று நாள்தோறும் தீர்ப்பளித்து வருகின்றோம். அத்தீர்ப்புகளுக்கு மேல்முறையீட்டு மன்றம் கிடையாது.

அன்பர்களே! அடுத்த முறை ஒருவனைக் குற்றவாளியென்று சொல்ல நா எழும்பொழுது, ஏனப்பா நின்றாய் என்று அவனிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். நாம் கேட்கவில்லை.