காலாவதி என்கிற பொய்

பயனற்ற பழைய சட்டங்களைக் களைவது நல்ல காரியம்தான். 2013-ல் தந்தி நின்றுபோனது. தந்திக்கான விதியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? எடுத்துவிடலாம், யாருக்கும் வலியில்லை. ஆனால் சாதி பார்த்து வேலை கொடுக்கிற விதியையும் அதே கூடையில் போட்டு 'காலாவதியாகிவிட்டது' என்கிறார்களே, அங்கேதான் உதைக்கிறது.

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், மாநிலச் சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாடுகள் செல்லாது என்று 2024 அக்டோபர் 3-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. துப்புரவுக்கு மேத்தர், ஹாரி சாதியாரை எடுக்கச் சொன்னது மேற்கு வங்க விதி. வெறுங்காவல் கைதிக்கு இழிவான வேலை தரக்கூடாது, அந்த வேலை செய்து பழகிய சமூகத்தில் பிறந்திருந்தாலொழிய என்றது உத்தரப்பிரதேச விதி.

'வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனதுங்க, யாரும் கவனிக்கல' என்று சமாதானம் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். 1950-லேயே அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. மேற்கு வங்க விதித்தொகுப்பு 1967-ஐச் சேர்ந்தது. உத்தரப்பிரதேசத்தினுடையது 2022-ஐச் சேர்ந்தது! யாரோ ஒருவர் அந்த வரியை எழுதியிருக்கிறார், இன்னொருவர் சரிபார்த்திருக்கிறார், கையெழுத்தும் ஆகியிருக்கிறது. இதுவா மறதி?

காலாவதி என்றால் ஒரு காலத்தில் நன்றாக இருந்தது என்று பொருள். மருந்துக்கு அப்படிச் சொல்லலாம். விஷத்துக்குச் சொல்ல முடியுமா? மலம் அள்ளுவதற்கென்று பிறப்பை வைத்து ஒருவனைக் குறிப்பது எந்த நாளிலும் நியாயமாக இருந்ததில்லை. பழியைக் காலத்தின்மேல் போட்டால் எழுதிய கை தப்பித்துக்கொள்கிறது.

அப்படியானால் நீக்க வேண்டாமா? வேண்டும், இன்றைக்கே. கைதிப் பதிவேட்டின் சாதிக் கட்டத்தையும் நீக்கச் சொல்லியிருக்கிறது தீர்ப்பு. ஆனால் எழுத்து போனாலும் 'எந்த ஊரு, எந்தத் தெரு' என்கிற கேள்வி போகாது. அது எதுக்குன்னு நம்ம சனங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைத்தார்கள். கேட்டால், சண்டை வராமல் தடுக்கத்தான் என்றார்கள். அந்த வாதத்தையும் இதே தீர்ப்பு ஏற்கவில்லை. எழுத்தில்லாமலே நடக்கத் தெரிந்தது சாதி. சட்டம் அதற்கு அரசாங்க முத்திரை குத்திக் கொடுத்தது.

ஆகவே தோழர்களே, நாம் கேட்க வேண்டியது வெறும் அழிப்பான் வேலையை மட்டுமல்ல. நீக்குகிற ஆணையிலேயே, அநீதி என்பதால் நீக்குகிறோம் என்று எழுதட்டும். எந்தெந்தச் சிறையில், எத்தனை ஆண்டுகள், யாரை அள்ளவைத்தார்கள் என்பதையும் பதிவு செய்யட்டும். அந்தக் கணக்கைக் கொடுக்காமல் புத்தகத்தை மட்டும் சுத்தம் செய்தால், அழிவது குற்றத்தின் சாட்சி.