கண்ணீரும் கணக்கும்

திருமங்கலத்துப் பக்கமிருந்து மதுரைக்கு வைத்தியம் பார்க்க வரும் மூதாட்டி, பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்குகிறார். “பெரியாசுபத்திரிக்கு எந்த வண்டி, தம்பி?” என்று கேட்கிறார். “இதுதான், ஏறுங்க ஆத்தா” என்கிறார் நடத்துநர். வண்டி வைகையைக் கடந்து கோரிப்பாளையம் போய்ச் சேருகிறது. அவர் நுழையும் மருத்துவமனைக்குப் பெயர் அரசு இராசாசி மருத்துவமனை. முன்னாளில் எர்ஸ்கின் மருத்துவமனை. அது நிற்கும் சாலைக்குப் பனகல் அரசர் பெயர். நீதிக்கட்சி முதல்வரின் பெயர் தாங்கிய சாலையிலே, ஆச்சாரியாரின் பெயர் தாங்கிய மருத்துவமனை. அதற்கு வண்டி ஏறுவதோ பெரியாரின் பெயர் தாங்கிய நிலையத்தில்! வாழ்ந்த நாளில் எதிரெதிர் அணியில் நின்றோர், வழிகேட்கும் ஏழையின் வாயில் அடுத்தடுத்த நிறுத்தங்களாகிவிட்டனர். மூதாட்டிக்கு இதில் வியப்பில்லை. அவர் கவலை அவருடைய மூட்டுவலி. ஆனால் நமக்கு வியப்பு உண்டு. வியப்பின் அடியிலே ஒரு கேள்வியும் உண்டு.

1972 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள் ஆச்சாரியார் மறைந்தார். வயது 94. சென்னை மாகாணத்தை இருமுறை ஆண்டவர். இந்தியாவின் கவர்னர் செனரலாக வீற்றிருந்தவர். அந்தச் செய்தியை மதுரையிலே கேட்ட செவிகளெல்லாம் ஒரே விதமாகவா கேட்டிருக்கும்? 1939 சூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் அழைத்துச் செல்ல, தாழ்த்தப்பட்டோர் ஐவரும் நாடார் ஒருவரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அடியெடுத்து வைத்தபோது, நுழைந்தவர்மேல் வழக்குப் பாயாதபடி சட்டக் காப்பு அளித்த ஆட்சி ஆச்சாரியாருடைய ஆட்சி. அதே ஆட்சிதான் 1938 இல் பள்ளிகளிலே இந்தியைக் கட்டாயமாக்கிற்று. எதிர்த்தோரைச் சிறைக்கு அனுப்பிற்று. 1939 இல், கோயிற்கதவு திறப்பதற்குச் சில திங்கள் முன்னர்தான், நடராசனும் தாளமுத்துவும் கைதிகளாகவே உயிர் நீத்தனர். ஒரே ஆண்டு, ஒரே ஆட்சி. ஒரு கையால் கதவைத் திறந்தது, மறு கையால் கதவைச் சாத்திற்று.

மீண்டும் 1953. பள்ளிப் பிள்ளைகள் அரைநாள் படித்து, அரைநாள் தகப்பன் செய்யும் தொழிலைப் பழகட்டும் என்ற திட்டம். அதற்குக் குலக்கல்வி என்று நம்மவர் இட்ட பெயரே வரலாற்றில் நிலைத்தது. வைகைக் கரையிலே வெளுப்பவன் மகன் வெளுக்கட்டும், மேலூர்க் கண்மாய்ப் பாசனத்திலே ஏர்பிடித்தவன் மகன் ஏர்பிடிக்கட்டும் என்பதல்லாமல் அதற்கு வேறென்ன பொருள்? எதிர்ப்பு எழுந்தது, 1954 இல் ஆச்சாரியார் பதவி துறந்தார், காமராசர் வந்தார். திட்டம் போயிற்று. பிறகோ, இந்தியைக் கட்டாயமாக்கிய அதே முதியவர் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து முழங்கினார். 1967 இல் கழகத்தோடு கூட்டணி கண்டார். குல்லுகபட்டர் என்று எழுதிய பேனாக்கள் மூதறிஞர் என்று எழுதத் தொடங்கின. இந்த இடத்தில் ஒரு சொல் ஒளிக்காமல் கூறவேண்டும். மனிதர் மாறியது கொஞ்சம். கூட்டணி மாறியதால் மை மாறியதே மிகுதி.

இத்தகைய ஒருவர் கண்மூடும்போது நல்லறிவு படைத்தோர் செய்யத்தக்கது யாது? அழுவதா, வாளாவிருப்பதா, வசைபாடுவதா? “செத்தவரைப் பற்றிக் கெடுதல் பேசாதே, செத்தவர் தெய்வம்” என்கிறது ஊர்வழக்கு. ஆன்மா உண்டு, அது பந்தலைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருக்கும் என்று நம்புகிறவருக்கு அந்த வழக்கு பொருந்தும். நமக்கு எங்ஙனம் பொருந்தும்? மூச்சு நின்றபின் செவி கேளாது, புகழ் இனிக்காது, வசை சுடாது என்போர் நாம். அப்படியானால் பிணத்தின் தலைமாட்டிலே பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் உயிரோடிருப்போரை நோக்கியே பேசப்படுகிறது. இறந்தவரை வைதால் புண்படுவது அவர் மகளும் பேரனும். இறந்தவர்மேல் பொய்ப்புகழ் குவித்தால் ஏமாறுவது நாளை பள்ளிக்குப் போகும் பிள்ளை. தலைமாட்டில் விளக்கு எரிகிறதே, நாலு நல்ல வார்த்தை என்று சொல்லும் பொய்யும் பொய்தான். பாடப்புத்தகம்வரை அது நடந்து செல்லும்.

பெரியார் என்ன செய்தார்? 93 வயது. நடக்க இயலாத உடல். சக்கர நாற்காலியிலே சுடுகாட்டிற்கு வந்தார், கண்ணீர் விட்டார். வாழ்நாளெல்லாம் ஆச்சாரியாரின் அரசியலை அவரைப்போல் தாக்கியவர் வேறு எவர்? 1938 இல் ஆச்சாரியாரின் ஆட்சி அவரைச் சிறைக்கு அனுப்பிற்று. அவர் ஆச்சாரியாரின் குலக்கல்வியை விரட்டினார். எனினும், ஈரோட்டு நகராட்சிக்கு இவரும் சேலம் நகராட்சிக்கு அவரும் தலைவர்களாக இருந்த நாளிலே முளைத்த நட்பு பட்டுப்போகவில்லை. 1949 இல் திருவண்ணாமலையிலே இருவரும் தனித்துச் சந்தித்தனர் என்பதற்காகவே நாட்டில் எவ்வளவு புயல்! அந்த நட்புதான் சுடுகாட்டிலே கண்ணீராகப் பெருகிற்று.

கவனிக்கத்தக்கது வேறொன்றுண்டு. அழுதவர், குலக்கல்வியைப்பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. கட்டாய இந்தியைப்பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. கண்ணீர் வந்தது, கணக்கு அப்படியே நின்றது. இது எப்படி இயன்றது? உயிரோடிருந்தபோதே முகத்துக்கு நேரே எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டவர் அவர். மிச்சம் வைக்கவில்லை. சாவு ஒரு மனிதனிடமிருந்து பறிப்பது மறுமொழி சொல்லும் வாய்ப்பை. நேற்றுவரை “அப்படியல்ல, என் நோக்கம் இது” என்று கூறக்கூடியவர், இன்று கூற இயலாதவர். ஆகவே, ஆள் இருந்தபோது அஞ்சி வாய்பொத்தி, எரிந்து சாம்பலானபின் “தீர்ந்தான்” என்று துள்ளுகிறவன் கோழை. ஆள் இருந்தபோது திட்டித் தீர்த்து, மாலையோடு வந்து “குற்றமே இல்லாத குணக்குன்று” என்று கசிந்துருகுகிறவன் கோழையினும் கீழ். அவன் முன்னர்ச் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று கேட்க அவனையன்றி எவருக்கும் வழியில்லை.

நண்பரொருவர் குறுக்கிட்டார். “அதெல்லாம் சரி. தாளமுத்துவைப் பறிகொடுத்த வீட்டாரிடம் போய் இதைச் சொல்வீரா?” என்றார். சொல்லமாட்டேன். அடிபட்டவன் அழவில்லையே என்று குறைகூற எவருக்கும் உரிமையில்லை. மகனைச் சிறையில் இழந்த தாய், சிறைக்கு அனுப்பிய முதல்வர் மறைந்த அன்று அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சியிருந்தால் அது அவளுடைய நீதி. மௌனத்துக்கும் மானம் உண்டு. நான் மறுப்பது அழாமையை அன்று, கொண்டாட்டத்தை.

ஏன் மறுக்கிறேன்? நம் இயக்கம் நாட்டைப் பார்த்துக் கேட்ட கேள்வி நினைவிருக்கட்டும். தீபாவளி என்று வெடிவெடித்து எண்ணெய் தேய்த்து மகிழ்கிறீரே, அது ஒருவனைக் கொன்ற நாளாயிற்றே, ஒரு சாவைக் கொண்டாடுவது மனிதத்தன்மையா என்று கேட்டோம். மதுரைக்காரரிடம் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகப் பாயும். எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றினார் பாண்டியர் என்ற கதை, பொற்றாமரைக் குளத்து மண்டபச் சுவரிலே ஓவியமாயிற்று. கோயில் விழாவிலே ஆண்டுதோறும் நினைவூட்டப்பட்டது. நடந்ததா என்று வரலாற்றறிஞர் ஐயுறுகின்றனர். நடந்ததோ இல்லையோ, அதைப் பெருமையாகத் தீட்டிய உள்ளம் நடந்தது. கீழக்குயில்குடியிலே சமணர்மலைப் பாறையில் செதுக்கிய உருவங்கள் இன்றும் உள்ளன. வாதில் தோற்ற கொள்கைக்குக் கழுமரம் பரிசா என்று அவை கேட்பதுபோலத் தோன்றும். நரகாசுரனுக்காகவும் சமணருக்காகவும் வாதாடிய நாக்கு, எதிரி செத்தான் என்று சர்க்கரை தின்னலாமா?

தின்றவர்கள் இருந்தனர். 1948 சனவரி 30 அன்று காந்தியார் சுடப்பட்டபின் இனிப்பு வழங்கி மகிழ்ந்தோரைப்பற்றி, உள்துறை அமைச்சர் பட்டேல் அதே ஆண்டு எழுதிய மடலிலே குறிப்பிட்டிருக்கிறார். அந்த மாலையில் காந்தியார் உடுத்தியிருந்த குருதி தோய்ந்த துணி இன்று மதுரைத் தமுக்கத்திலே, 1959 இல் நேரு திறந்துவைத்த நினைவகத்தில் இருக்கிறது. மேலமாசி வீதியிலே, 1921 செப்டம்பரில் அரைமுழத் துணிக்கு மாறிய மனிதரின் கடைசித் துணி, அதே ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1927 முதல் அவரோடு முரண்பட்டு, வருணாசிரமத்தை அவர் ஏற்றதைக் கண்டித்து எழுதி எழுதித் தேய்ந்த பெரியார், அச்செய்தி கேட்டு வருந்தினார். இந்நாட்டுக்குக் காந்தி நாடு என்று பெயரிடலாம் என்றார். 1946 இல் இதே மதுரையிலே கருஞ்சட்டை மாநாட்டுப் பந்தல் தீக்கிரையாகி இரண்டாண்டுகூட ஆகாத காலம். வஞ்சம் தீர்க்கும் எண்ணம் இருந்திருப்பின், வாய்ப்பு அது. அவர் அதைத் தொடவில்லை.

பிறரைப் பேசியது போதும். நம் வீட்டுக்கு வருவோம். சாவுக்குப் பின் நாம் தவறுவது வசையிலே குறைவு, வழிபாட்டிலே மிகுதி. 1969 பிப்ரவரி 3 அண்ணா மறைந்தார். சென்னை கண்ட மக்கள் வெள்ளம் உலகம் கண்டறியாதது. ஒருவர் ஏவி வந்த கூட்டமன்று அது, தானாய்ப் பொங்கியது. நன்று. ஆனால் அதற்கு நாற்பது நாள் முன்னர், 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியிலே தாழ்த்தப்பட்ட உழவர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசையில் எரிந்து மாண்டனர். கூலி கேட்டவர்கள். ஆட்சி நம்முடையது. அந்த வெள்ளத்திலே நடந்த இலட்சோப இலட்சம் பேரில் அந்தக் குடிசையை நினைத்தவர் எத்தனை பேர்? அண்ணாவை நினைத்துக் கண்ணீர் வடிக்கும் அதே வேளையில் அந்தக் கேள்வியையும் கேட்பது அவருக்கு இழுக்கன்று. ஆச்சாரியாரின் கணக்கை மூடாதே என்பவன், தன் அண்ணனின் கணக்கை மட்டும் மூடி, மலர்போர்த்தி வைக்கலாமா?

1987 டிசம்பர் 24 எம்.ஜி.ஆர். மறைந்தபோது துயரம் கல்லாக மாறிற்று. சென்னை அண்ணா சாலையிலே கலைஞரின் சிலை உடைக்கப்பட்டது. துயரத்துக்கும் அந்தச் சிலைக்கும் என்ன தொடர்பு? கடையை அடை, இல்லையேல் உடைப்பேன் என்று பெறப்படும் அஞ்சலி, அஞ்சலி ஆகாது, அது வரி. 2018 ஆகசுட்டு 7 அன்று கலைஞர் மறைந்ததும், அவரைக் கடற்கரையில் அடக்கம் செய்ய இடம் கேட்டு உயர்நீதிமன்றத்தின் படியேற வேண்டியதாயிற்று; மறுநாள் நீதிமன்றம் அனுமதித்தது. 1975 அக்டோபர் 2 அன்று மறைந்த காமராசருக்கு, அவரோடு ஓயாது மோதிய கலைஞரின் ஆட்சி அரசு மரியாதை செய்ததை நாடு மறந்திருந்தது போலும்.

இவ்வளவும் எண்ணிக்கொண்டே கோரிப்பாளையம் பக்கம் போகும்போதெல்லாம் ஒருவர் நினைவு வருகிறது. மேலூரை அடுத்த தும்பைப்பட்டிக் கக்கன். 1939 இல் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த ஐவரில் ஒருவர். 1965 சனவரி 25 அன்று மதுரை மாணவர் ஊர்வலத்திலே மூண்ட மோதல் நாடெங்கும் இந்தி எதிர்ப்புத் தீயாகப் பரவியபோது, காவல்துறையைக் கையில் வைத்திருந்த உள்துறை அமைச்சரும் அவரே. துப்பாக்கிகள் வெடித்தன, மாணவர் மாண்டனர். கைசுத்தமானவர், எளியவர் என்று பகைவரும் ஒப்பும் அவர், பதவி போனபின் அதே மதுரைப் பெரியாசுபத்திரியின் பொதுப்பிரிவிலே கிடந்தார். மதுரை முத்துவைப் பார்க்க வந்த முதல்வர் எம்.ஜி.ஆர். தற்செயலாக அறிந்து உதவிக்கு ஓடினார் என்பது ஊரறிந்த செய்தி. 1981 இல் கக்கன் மறைந்தார்.

1965 இல் தடியடி பட்ட மாணவன் ஒருவன், பின்னாளில் தன் தாயையோ தகப்பனையோ காட்ட அந்தப் பொதுப்பிரிவின் வழியே நடந்து, கட்டிலில் கிடக்கும் முதியவரை அடையாளம் கண்டிருந்தால் என்ன செய்திருப்பான்? நின்றிருப்பான் என்றே எண்ணுகிறேன். வணங்கியிருப்பான், துப்பாக்கியைப் பற்றியும் கேட்டிருப்பான். கேட்பதற்கு அப்போது காலம் இருந்தது. அவர் மறுமொழி சொல்ல உயிரோடிருந்தார்.