பிரிவறியும் பருவம்

மூன்று வயது நிரம்பிய குழந்தையொன்று, பள்ளி வாசலில் தகப்பனின் வேட்டியையோ தாயின் முந்தானையையோ இறுகப் பற்றிக்கொண்டு அழும்போது, அந்த அழுகை வெறும் பிடிவாதமா, அஞ்ஞானத்தால் விளையும் அச்சமா, அன்றி ஜீவன் தன் நிலையைக் குறித்து முதன்முதலாக உணரும் ஓர் உண்மையா என்ற விசாரத்தைப் பெற்றோராகிய நாம் காலை நேரத்து அவசரத்தில் கடந்து போய்விடுகிறோம். “ரெண்டு நாளைக்கு அழுகும், அப்பறம் செரியாப் போயிருமுங்க” என்று எங்கள் பல்லடத்துப் பெரியவர்கள் தேறுதல் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் அனுபவத்தில் மெய்யாகிவிடுகிறது. ஆயினும், நின்றுபோகும் என்பதனாலேயே ஒரு துக்கம் பொருளற்றதாகிவிடாது. இறந்தோரை நினைந்து பெரியவர்கள் வடிக்கும் கண்ணீரும் ஒருநாள் நின்றுதான் போகிறது. அதனை அறியாமை என்று எவரும் இகழ்வதில்லை.

பால்வாடிக்குச் செல்லத் தொடங்கிய நாட்களில் என் மகள் என்னைக் கேட்டது ஒன்றே: “நான் இங்க இருக்கறப்ப நீங்க எங்கீங்கப்பா இருப்பீங்க?” ஏன் என்னை விட்டுப் போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. கண்ணுக்கு மறைந்தவர் எங்கேனும் இருக்கிறாரா, இருந்தால் தன்னை நினைத்திருக்கிறாரா என்பதே அவளுடைய வினா. சமயங்கள் யாவும் தோன்றிய காலந்தொட்டு, கோயில் வாசலிலும் மயானக் கரையிலும் நின்று மனிதன் கேட்டுவரும் வினாவும் இதுவேயன்றி வேறென்ன?

நம்முடைய சைவ மரபு இந்த அழுகையை மிக உயர்ந்த ஸ்தானத்தில் வைத்திருக்கிறது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. சேக்கிழார் பெரியபுராணத்தில் விவரிக்கிறபடி, நீராடப் புறப்பட்ட சிவபாத இருதயரை விடாமல் அழுது தொடர்ந்த மூன்று வயதுப் பிள்ளை, சீகாழிக் குளக்கரையில் அமர்த்தப்பட்டு, தந்தையார் நீருள் மூழ்கி அகமருஷண மந்திரம் ஓதும் பொழுதில் அவரைக் காணாமல் கலங்கி, திருத்தோணிச் சிகரத்தை நோக்கி அம்மே அப்பா என்று அழைத்து அழுதபோது, உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பாலை ஊட்டினாள்; அழுத பிள்ளை திருஞானசம்பந்தர் ஆயிற்று. திருமுறையின் தொடக்கமே, தகப்பனைக் காணாத ஒரு குழந்தையின் அழுகையிலிருந்து பிறந்தது. அங்கே அம்மை குழந்தையை அதட்டவில்லை. அழாதே என்று வேடிக்கை காட்டித் திசை திருப்பவுமில்லை. கோலை ஓங்கி அதட்டியவர் கரையேறி வந்த தகப்பனார்தாம். அந்த உருக்கமான சரிதத்தில் உண்மையை அறியாமல் நின்றவர் பெரியவரே என்பதைச் சேக்கிழார் எத்தனை மென்மையாகச் சொல்லிவிடுகிறார்!

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழில்களுள் மறைத்தலும் இறைவனுடைய அருளே என்று சித்தாந்தம் கூறுகிறதே, அவ்வாறாயின் குழந்தையின் நன்மை கருதி, அது பொம்மையில் கவனமாயிருக்கும் வேளை பார்த்துப் பெற்றோர் நழுவிப் போவதும் அருளின்பாற் படாதோ என்று கேட்கலாம். படாது என்பதே என் துணிபு. இறைவன் மறைகிறானேயன்றி அகல்வதில்லை. உயிரோடு பிரிப்பின்றி நின்றுகொண்டே திரோதானம் செய்கிறான். பெற்றோராகிய நாமோ உண்மையாகவே போய்விடுகிறோம். சர்வ வியாபகம் நமக்கு வாய்க்கவில்லை. வார்த்தை ஒன்றுதான் வாய்த்திருக்கிறது. “சோறுண்டு தூங்கி எந்திரிச்சா அப்பா வந்திருவேன் சாமி” என்று, கடிகாரம் அறியாத பிள்ளைக்கு அது அறிந்த காலக்கணக்கில் சொல்லிவிட்டுப் போனால், அந்தச் சொல் நம் இருப்புக்குப் பதிலாக அங்கே தங்கியிருக்கிறது. சொல்லாமல் போகிறவன் அழுகையைச் சற்று நேரம் தள்ளிப்போடுகிறான். அதற்கு விலையாகக் குழந்தையின் விசுவாசத்தைக் கொடுத்துவிடுகிறான்.

அழுகை அடங்கிவிட்டால் மனமும் அமைந்துவிட்டது என்று கொள்வதும் சரியன்று. இங்கிலாந்தில் 1952-ஆம் ஆண்டு ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், பெற்றோரைப் பிரிந்து எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையைப் படம்பிடித்துக் காட்டினார். குழந்தை அடங்கியிருப்பது ஆறுதலின் அடையாளமாகாது, நம்பிக்கை இழந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம் என்று அப்படம் மருத்துவர்களை எண்ண வைத்தது. சில மணி நேரப் பால்வாடியை மருத்துவமனையோடு ஒப்பிடுவது முறையல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மௌனத்தை ஆராயாமல் நம்பக்கூடாது என்ற படிப்பினை இரண்டிடத்துக்கும் பொருந்தும்.

எங்கள் ஊரில் இந்த விசாரம் வீட்டுக்குள் அடங்குவதில்லை. விடிந்ததும் பனியன் கம்பெனி வேன்கள் ஊரூராய் வந்து தாய்மார்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர் நோக்கிப் போகின்றன. தறிக்குடோன்களில் இரவு ஷிப்டு முடித்தவர்கள் தூங்காத கண்களோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை, டீச்சருக்கும் ஆயாவுக்கும் விளங்காத பாஷையில் அம்மாவைக் கேட்டு அழுகிறது. ஆர்டர் அவசரமென்று ஓவர்டைம் வைத்துவிட்டால், சாயங்காலம் வருவேன் என்று தாய் சொன்ன சொல் பொய்த்துப்போகிறது. பொய்த்தது அவளால் அன்று. பெண்கள் மிகுதியாக வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. 1975-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கி, அங்கன்வாடி ஊர்தோறும் வந்தது. பசிக்குச் சத்துணவும் நோய்க்குத் தடுப்பூசியும் கிடைத்தமை பெரும் புண்ணியம். ஆனால் தாய் சொன்ன நேரத்துக்கு வந்து சேரும் உரிமையைக் குழந்தைக்கு இன்னும் எந்தத் திட்டமும் தரவில்லை.

பல்லடத்துக்கு அண்மையிலுள்ள அவிநாசியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் சரிதம் ஒன்றுண்டு. ஒரே வீதியில் எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்றில் பிள்ளைக்கு உபநயன மங்கல ஒலி, மற்றொன்றில் அந்தப் பிள்ளையோடு ஒத்த வயதினனாய் இருந்து, முன்னொரு நாள் குளத்தில் முதலை வாய்ப்பட்டு மாண்ட மகனை எண்ணிய அழுகை ஒலி. அவ்வழியே வந்த சுந்தரர் என்னும் நாயனார், வித்தையின் தொடக்கத்தைக் கொண்டாடும் வீட்டோடு நின்றுவிடவில்லை. அழுகின்ற வீடு யாருடையது என்று விசாரித்தார். அது நடந்து ஆண்டுகள் பல ஆயின என்று கேட்ட பின்னும், பழைய துக்கந்தானே என்று அவர் அப்பால் செல்லவில்லை. குளக்கரைக்குச் சென்று பதிகம் பாடி, பிள்ளையை மீட்டுத் தாயிடம் கொடுத்த பின்னரே அவர் மேற்சென்றார். ஜூன் மாதத்துச் சேர்க்கை நாளில் நம் ஊர்ப் பள்ளி வாசல்களில் அந்த இரண்டு ஒலிகளும் ஒருங்கே கேட்கின்றன. புதுப்பையும் புகைப்படமுமாக மகிழ்கிற நாம், இரண்டாவது ஒலியை மங்கலத்துக்கு இடையூறாகக் கருதுகிறோம்.

ஆகவே பெற்றோரை நான் வேண்டுவது, பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். கம்பெனி நடத்துகிறவர்களை நான் வேண்டுவது, பால்வாடியில் புதிதாகப் பிள்ளையை விட்ட தாய்மார்களுக்கு அந்த முதல் மாதமேனும் ஓவர்டைம் வைக்காதீர்கள். சங்கு ஊதியதும் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.